பிக்கப் மாற்றக் கிட்டாரைக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு, அதிலும் சர்ச் கொயரில் வாசிக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். டிசம்பர் நெருங்கினால் கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்னால் கிட்டாரைச் சரிபார்க்கக் கொடுப்பீர்கள். நம் பக்கம் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்புகிற காந்தமும் கம்பிச் சுற்றும்) மாற்றத் தெரிந்த ஆட்கள் குறைவு. அதை வைத்தே ஒரு கடைக்காரர் என்னை ஏமாற்றினார்.

என்னுடையது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிட்டார். மேப்பிள் நெக், மூன்று சிங்கிள் காயில், அதாவது ஒரே கம்பிச் சுற்று உள்ள பிக்கப்புகள். பிரிட்ஜ் (தந்திகள் கிட்டார் உடலில் வந்து முடிகிற இடம்) பக்கத்துப் பிக்கப் மட்டும் செத்துவிட்டது, காயில் அறுந்திருப்பதை மீட்டர் காட்டியது. மற்ற இரண்டும் அருமையான அல்நிகோ பிக்கப்புகள். அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம், 2, 5 என்பவை அதன் ரகங்கள். "பிரிட்ஜுக்கு மட்டும் அல்நிகோ 5, ஆறு ஆறரை கிலோ ஓம்ல, மத்த ரெண்டோட சேருத மாதிரி போடுங்க அண்ணாச்சி" என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன்.

வாங்கப் போனால் மூன்றையும் மாற்றி வைத்திருக்கிறார். "அல்நிகோ பிக்கப் செட்" என்று 8,500 ரூபாய்க்குப் பில். பழையது எங்கே என்று கேட்டேன். "பழசு எதுக்கு தம்பி, அதான் புதுசு போட்டாச்சுல்லா. பன்னெண்டு கிலோ ஓம், செம பவர். எந்தக் கிட்டாருக்கும் செட் ஆகும்" என்றார். டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்குகிற அமைப்பு) ஏற்றி ஒரு சின்ன ஆம்ப்பில் அவரே வாசித்துக் காட்டினார். அவ்வளவு டிஸ்டார்ஷனில் எல்லாப் பிக்கப்பும் ஒன்றுபோலத்தான் கேட்கும். முழுப் பணம் வைத்தால்தான் கிட்டார் கைக்கு வரும் என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் ஆராதனை, வேறு வழியில்லை.

ஆராதனையில் கிளீன் டோனில் வாசித்தபோது மேல் தந்திகள் கண்ணாடியைக் கீறுவது போலக் கேட்டன. ஸ்விட்சில் நடுப் பிக்கப்போடு இன்னொன்றும் சேர்ந்து ஒலிக்கிற இரண்டாவது, நான்காவது இடங்களில் ஒலி சப்பென்று வற்றிப்போய், இரைச்சல் மட்டும் கூடியது. நியாயப்படி அந்த இடங்களில்தான் இரைச்சல் அடங்க வேண்டும். நடுப் பிக்கப்பின் காந்தத்தையும் சுற்றையும் எதிராக வைப்பதே அதற்காகத்தான். அதன் ஒயர்களை இவர் மாற்றிச் சூடு வைத்ததால் இரைச்சல் ஒன்றோடொன்று கூடிவிட்டது, தந்தியின் ஒலி ஒன்றையொன்று அழித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பிக்கப்புகள் மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் தகட்டை (பிக்கார்டு) கழற்றித் திருப்பினேன். ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் ஒரு கறுப்புக் கட்டி நீளவாக்கில் ஒட்டியிருந்தது. அது செராமிக் காந்தம். நீங்களும் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: அல்நிகோ ஸ்ட்ராட் பிக்கப்பில் ஆறு தண்டுகளேதான் காந்தம், அடியில் கட்டி எதுவும் இருக்காது. மலிவு செராமிக் பிக்கப்பில் தண்டுகள் வெறும் இரும்பு, அடியில் இருக்கிற கட்டிதான் காந்தம்.

செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. டிமார்சியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன் என்கிற பிக்கப் செராமிக்தான், 1970களிலிருந்து ராக் ஆட்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். அல்நிகோ என்று பில் போட்டு செராமிக்கை வைத்ததுதான் மோசடி.

அந்தப் "பன்னெண்டு கிலோ ஓம்" பேச்சையும் நம்பாதீர்கள். ஓம் என்பது செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். வழக்கமான 42 கேஜ் கம்பியை விட்டு இன்னும் மெல்லிய 43 கேஜில் அதே அளவு சுற்றினாலே எண் ஏறிவிடும். வெயிலும் அதை ஏற்றும். 20 டிகிரியில் 6 கிலோ ஓம் காட்டுகிற காயில், நம் ஊர் சித்திரை வெயிலில் 38 டிகிரியில் 6.4 காட்டும். அதற்காகச் சத்தம் கூடிவிடுமா? காந்தம், சுற்று, கம்பி எல்லாம் சேர்ந்துதான் ஒலி.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. அந்த மனிதர் என் கிட்டாரை ஆம்ப்பில் செருகாமல் ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. பிக்கப் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. சத்தமில்லாத அறையில் வெறும் கிட்டாரை வாசித்தாலே கூர்மையா, கனமா, எந்தத் தந்தி அமுங்குகிறது என்று தெரியும். ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கிற கிட்டாருக்கு அல்நிகோ 2 மாதிரி மென்மையானது நன்றாக இருக்கும், அல்லது பிரிட்ஜில் மட்டும் கொஞ்சம் கூடுதல் சுற்று. மந்தமாக முழங்குகிற மஹோகனி கிட்டாருக்குச் சுற்று குறைந்த அல்நிகோ 5 தெளிவைக் கொடுக்கும். என் மேப்பிள் நெக் கிட்டார் இயல்பிலேயே கூர்மை. அதில் கூர்மையான செராமிக்கை மாட்டினால் காது கிழியத்தான் செய்யும்.

டோன் பிடிக்காமல் மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் பிக்கப் உயரத்தைத் திருகிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, சிங்கிள் காயிலுக்கு இரண்டு, இரண்டரை மி.மீ. இடைவெளியில் ஆரம்பிக்கலாம். பல பேருக்குக் காசு செலவில்லாமல் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

சரி, கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "கழட்டினத எல்லாம் குப்பைல போட்டாச்சு" என்றார். வேலை செய்கிற இரண்டு அல்நிகோ பிக்கப்பை எந்த ரிப்பேர்காரரும் குப்பையில் போடமாட்டார். பணத்தையும் தரவில்லை. பில்லில் அல்நிகோ என்று அவர் கையாலேயே எழுதியிருப்பதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

நீங்கள் கொடுக்கும்போது கிட்டாரின் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது, கழற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "பழசு எதுக்கு தம்பி" என்று கேட்டால் அந்தக் கடையில் கொடுக்காதீர்கள்.

கடைப் பெயர் வேண்டுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். அப்புறம் ஒரு உதவி. ஸ்ட்ராட் அல்நிகோ பிக்கப் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் அடித்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். என்னுடையதில் கறுப்பு மார்க்கரில் "நடு", "நெக்" என்று தமிழில் எழுதியிருப்பேன். கண்ணில் பட்டால் தகவல் கொடுங்கள், விலை கொடுத்தாவது வாங்கிக்கொள்கிறேன்.