கான்ட் சார்ட்டா, கான்பான் போர்டா? நிறுவனமே மாறும்போது எது கைகொடுக்கும்?

இரண்டு துறைகளை ஒன்றாக்குகிறார்கள், கூடவே சம்பளம் போடும் மென்பொருளும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டம் கேட்டதுமே ஒருவர் எக்செல்லைத் திறந்து கலர் கலராகப் பட்டை போட ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு வேலையையும் தேதி வரிசையில் ஒரு பட்டையாகக் காட்டும் அந்தப் படம்தான் கான்ட் சார்ட். பல தடவை அந்த ஆள் நான்தான், அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் அதன் பலம். பழைய தரவு முழுக்க ஏறினால்தான் சோதனைச் சம்பளம் ஓட்டலாம், அது பழைய கணக்கோடு ஒத்துப்போனால்தான் பழைய மென்பொருளை நிறுத்தலாம். தரவு ஏற்றுவது 4 நாள் தள்ளினால், இடையில் அவகாசம் எதுவும் விடாத பட்சத்தில், பின்னால் வரும் பட்டைகளும் 4 நாள் நகர்ந்து கடைசிப் பட்டை சம்பளத் தேதியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். கான்பான் போர்டில், அதாவது வேலைகளை அட்டையில் எழுதி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் பலகையில், இது தெரியாது. அங்கே ஒரு அட்டை ‘நடக்கிறது’ என்ற கட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். (ஹென்றி கான்ட் 1910களில் பட்டை வரைந்தது தொழிற்சாலை வேலைக்கு. எந்த வேலைகள் தள்ளினால் முடிவுத் தேதியே தள்ளும் என்று காட்டும் ‘கிரிட்டிக்கல் பாத்’ 1950களின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது.)

சரி, எங்கே இடிக்கிறது? ‘பயிற்சி’ என்ற பட்டையில். 2 வாரம், 100 சதவீதம், பச்சை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பாதிப் பேர் பழைய ஷீட்டை இன்னொரு திரையில் திறந்து வைத்துக்கொண்டு, அதே விடுப்புக் கணக்கை இரண்டிலும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பு நடந்ததா என்று மட்டும்தான் பட்டைக்குத் தெரியும். போர்டில் ‘சொல்லிக்கொடுத்தாச்சு’, ‘தானாகச் செய்கிறார்கள்’, ‘பழைய ஷீட்டை மூடியாச்சு’ என்று 3 கட்டம் போட்டு குழுவுக்கு ஒரு அட்டை ஒட்டுங்கள், எந்தக் குழு எங்கே சிக்கி நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அப்புறம், ஒருவர் கையில் ஒரே சமயத்தில் 2 அட்டைக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தால், எல்லா வேலையும் அதே 3 பேர் தலையில் விழுவது சீக்கிரமே வெளியே வந்துவிடும். கான்ட் சார்ட்டில் ஒரே செவ்வாய்க்கிழமையில் ஒரே பெயர் 4 பட்டையில் இருந்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும்.

மேலிடத்துக்கு இரண்டுமே வேண்டாம். தேதியோடு 6, 7 மைல்கல் எழுதிய ஒரு பக்கம் போதும்.

நான் இப்போது செய்வது கலவை. தேதி மாறவே கூடாத வேலைகளுக்கு மட்டும் கான்ட் சார்ட், அதிலும் அடுத்த 6 வாரத்துக்குத்தான் விவரம், மீதி எல்லாம் மாதக் கணக்கில் தடிப்பட்டை. முதலில் போட்ட தேதிகளை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்பேன், இல்லையென்றால் தள்ளிப்போனதே யாருக்கும் நினைவிருக்காது. ஆட்கள் பழகுவது தொடர்பான எல்லாம் போர்டுக்கு. சார்ட் 40 வரியைத் தாண்டினால் வெட்டிவிடுவேன். அதற்கு மேல் போனதை யாரும் திறந்து பார்த்ததில்லை, வரைந்த நானே பார்த்ததில்லை.