சென்னையா, பெங்களூரா, கொச்சியா? அரசாங்கக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

தமிழ்நாடு கடனில் மூழ்கிவிட்டது என்று காலையில் ஒரு வாட்ஸ்ஆப் பார்வர்டு வரும். வளர்ச்சியில் நம்மை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்று மத்தியானம் இன்னொன்று வரும். இரண்டையும் அனுப்பியவர் பல நேரம் ஒரே ஆளாக இருப்பார். இரண்டிலுமே உண்மை இருக்கிறது. எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

சென்னையில் இருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த ஒப்பீடு வெறும் அரட்டை இல்லை. பிள்ளைக்கு பெங்களூரில் வேலை கிடைக்கிறது. வீடு இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா? ஓய்வுக்குப் பிறகு கேரளப் பக்கம் போய்விடலாமா? அதனால் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றையும் 2025-26 பட்ஜெட் மதிப்பீடுகளை வைத்துப் பார்ப்போம். மாநில மொத்த உற்பத்தியை, அதாவது ஒரு வருடத்தில் மாநிலத்தில் உருவாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பை, இனி சுருக்கமாக உற்பத்தி என்றே சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் பயமுறுத்தும் விஷயம், கடன். 2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி ரூபாய், உற்பத்தியில் 26.07 சதவீதம். கர்நாடகத்துக்கு சுமார் 7.65 லட்சம் கோடி, 24.91 சதவீதம். கேரளத்தின் கடன் அதன் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது. அன்றிலிருந்து மொத்தக் கடனைக் குடும்ப எண்ணிக்கையால் வகுப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மேடைக்கு நல்ல எண். ஆனால் அந்தக் கடனை வைத்து என்ன செய்தார்கள் என்பதை அது சொல்லாது.

நான் பார்ப்பது வேறு விகிதம். அரசுகளின் பற்றாக்குறை இரண்டு வகை. அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் துண்டு விழுவது வருவாய்ப் பற்றாக்குறை. கட்டுமானம், முதலீடு எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கடன் வாங்க வேண்டிய தொகை நிதிப் பற்றாக்குறை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், கடன் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று கரைவது எவ்வளவு எனத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. நூற்றுக்கு 39 ரூபாய். கர்நாடகத்துக்கு 19,262 கோடி, 90,428 கோடி. நூற்றுக்கு 21 ரூபாய். கேரளத்துக்கு 27,125 கோடி, சுமார் 45,000 கோடி. நூற்றுக்கு 60 ரூபாய். மெட்ரோவுக்கும் துறைமுகத்துக்கும் வாங்குகிற கடன் வீட்டுக்கடன் மாதிரி. மாதாந்திரச் செலவுக்கு வாங்குவது மளிகைக் கடையில் அக்கவுன்ட் ஏற்றுவது மாதிரி. இந்த அளவுகோலில் கர்நாடகம் நம்மைவிட ஒழுங்கு, சந்தேகமே இல்லை. நம் மாநிலத்தின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது. மின்வாரியம் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் கடன் தனி. இதையெல்லாம் மத்திய அரசின் பாரபட்சம் என்ற ஒரே பதிலால் மூடிவிட முடியாது.

பாரபட்சம் இல்லை என்றும் சொல்லவில்லை. மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று 15-வது நிதிக்குழு 2026 மார்ச் வரைக்கும் பிரித்துக் கொடுத்த பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், கர்நாடகத்துக்கு 3.647, கேரளத்துக்கு 1.925. 2011 மக்கள்தொகையில் இந்த மூன்றின் பங்கு முறையே 6, 5, 2.8 சதவீதத்தை ஒட்டி. மூன்றுமே தங்கள் தலைக்கணக்குக்குக் குறைவாகத்தான் வாங்கின. அதிலும் செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வரியின் மேல் மத்திய அரசு கூடுதலாக வசூலிப்பது பங்குக்கே வராது. ஆனால் இந்த அடி மூவருக்கும் விழுகிறது. அதே அடியை வாங்கிக்கொண்டு கர்நாடகம் எப்படிக் குறைந்த துண்டோடு நிற்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, கணக்கு ஒழுங்காக இருக்கிற மாநிலத்துக்கே போய்விடலாமா? அப்படியானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு புவனேஸ்வரத்துக்கு ரயிலேற வேண்டும். நிதி ஆயோக் 2025 ஜனவரியில் வெளியிட்ட நிதிநலக் குறியீட்டில் ஒடிசாதான் முதலிடம். கேரளம் கடைசி வரிசையில். ஒடிசாவின் கஜானாவை நிரப்புவதில் சுரங்க வருமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஒடிசாவில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 119 தாய்மார்கள் இறந்தார்கள். கேரளத்தில் 19. தமிழ்நாட்டில் 54, கர்நாடகத்தில் 69, நாட்டின் சராசரி 97. உங்கள் வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால் எந்தப் பட்டியலைப் பார்ப்பீர்கள்?

இனி வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலங்கள் தம்மிஷ்டத்துக்கு ஏற்றி இறக்கக்கூடியவை சொற்பம்: பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்கட்டணம். சோப்புக்கும் சட்டைக்கும் எந்த ஊரிலும் ஒரே வரிதான். தொழில்வரிக்கு அரசமைப்புச் சட்டமே வருடத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருப்பதால் அதில் பேச ஒன்றுமில்லை.

பெட்ரோலில் நாம் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கர்நாடகம் 2024 ஜூனில் 3 ரூபாய் ஏற்றியது. 2025-ல் சென்னையில் 101 ரூபாயை ஒட்டி இருந்தபோது பெங்களூரில் 103-ஐ நெருங்கியது, திருவனந்தபுரத்தில் 107-ஐத் தாண்டியது. காரில் வித்தியாசம் இன்னும் கூடுதல். வரி கணக்கிடும் விலை 9 லட்சம் என்றால் இங்கே 13 சதவீதம், அதாவது 1.17 லட்சம். கர்நாடகத்தில் 14 சதவீதம், அந்த வரியின் மேல் இன்னொரு 11 சதவீதம் செஸ், கிட்டத்தட்ட 1.40 லட்சம். பெங்களூர் சாலைகளில், வாகன வரி குறைவான புதுச்சேரியின் பதிவெண் வண்டிகள் ஏன் ஓடுகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பத்திரப்பதிவில் சென்னைக்காரர்கள் சத்தமாகப் புலம்புவார்கள், பாதி நியாயம். மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் இது 11 ஆக இருந்தது. குறைத்த கையோடு, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 2017-ன் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்திரத்தில் 80 லட்சம் என்றால் 7.20 லட்சம். பெங்களூரில் 2025 ஆகஸ்ட் முடிவில் பதிவுக் கட்டணத்தை இரட்டித்த பிறகும் 7.6 சதவீதம்தான், 6.08 லட்சம். கேரளத்தில் 10 சதவீதம், 8 லட்சம். ஆனால் பில்டரிடமிருந்து நேராகப் புது பிளாட் வாங்கினால் கதை மாறும்: 2023 டிசம்பர் முதல் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான பிளாட்டுக்கு இங்கே மொத்தம் 7 சதவீதம். அதே 80 லட்சத்துக்கு 5.60 லட்சம். பெங்களூரைவிடக் குறைவு. பழைய பிளாட்டா புதுசா என்று சொல்லாமல் "சென்னையில் ரிஜிஸ்ட்ரேஷன் அநியாயம்" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

நம் மாநிலத்தின் நிஜமான வரி வேறு இடத்தில் இருக்கிறது. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி. சொந்த வரி வருவாயில் ஏறக்குறையக் கால் பங்கு. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-ல் ஒதுக்கியது 13,807 கோடி. ஒரு வீட்டு அளவில் போட்டுப் பாருங்கள். சாதாரண ரகக் குவார்ட்டர் 2024 பிப்ரவரியில் 140 ரூபாய் ஆனது. தினமும் ஒன்று என்றால் ஏழு நாளில் 980. மாதம் முழுக்க அந்த வீட்டு அம்மாவின் கணக்கில் உரிமைத் தொகையாக வரும் ஆயிரம் ரூபாயை அந்த வீட்டு ஆள் முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். குடிக்காத வீட்டுக்குத் தமிழ்நாடு வரி குறைந்த மாநிலம். குடிக்கிற வீட்டுக்கு இதைவிடக் கொடூரமான வரி எதுவும் இல்லை. அதுவும் அதிகம் விழுவது தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டில்.

கட்டியதற்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. பேருந்தையே எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கு இலவசம் என்பதை நாம் 2021 மே மாதமே தொடங்கினோம், ஆனால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும். தி.நகர் நிறுத்தத்தில் மாலை நேரம் நின்றால் தெரியும்: டீலக்ஸ் பஸ் காலியாக வந்தாலும் பெண்கள் நகர மாட்டார்கள், முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த வண்டி வரும்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கர்நாடகம் 2023 ஜூனில் தொடங்கியது, ஆனால் வெளியூர் சாதாரணப் பேருந்திலும் இலவசம். பெங்களூரிலிருந்து மைசூருக்கு அந்த மாநிலத்துப் பெண் காசில்லாமல் போகலாம். நம் ஊர்ப் பெண் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வெளியூர் பஸ்ஸில் அப்படிப் போக முடியாது. மகளிர் தொகையும் அங்கே 2,000. இவை இரண்டும் சேர்ந்த கர்நாடகத்தின் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு 2025-26-ல் 51,034 கோடி ஒதுக்கீடு. ஆக, இலவசம் கொடுத்துக் கெட்டது தமிழ்நாடு, கணக்காக இருப்பது கர்நாடகம் என்ற பேச்சு எடுபடாது.

ஆனால் அரசு கொடுக்கும் இலவசத்தைவிட, அரசு செய்யாமல் விட்டதை நாம் காசு கொடுத்து வாங்குவதுதான் வீட்டுக் கணக்கைத் தீர்மானிக்கிறது. பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வர வேண்டும். 2024 கோடையில் லாரித் தண்ணீருக்கு அந்த ஊர் பட்ட பாடு தெரியும். சென்னை ஒன்றும் யோக்கியமில்லை. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வரும் ஊரும் இதுதான். அந்தப் பகுதியில் இன்சூரன்ஸ், பம்ப் செட், தரைத்தள வாடகை இழப்பு எல்லாம் சேர்த்தால் அது எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் எழுதாத வெள்ள வரி. மெட்ரோ ரயிலில் நமக்கு அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். பெங்களூரில் 2025 பிப்ரவரியில் 60-லிருந்து 90 ஆக்கினார்கள்.

மின்சாரத்தில் நமக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். கர்நாடகத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு மாதம் 200 வரை. ஏசி போடுகிற வீட்டில் இங்கே 500 யூனிட் என்பது ஒரு கோடு. தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை பறந்துவிடும். மே மாதம் ரீடிங் எடுக்க ஆள் ரெண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டில் ரத்த அழுத்தம் ஏறுவது இதனால்தான்.

தமிழ்நாடு நிமிர்ந்து நிற்கும் இடம் கல்லூரியும் ஆஸ்பத்திரியும். 2021-22 கணக்கில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் இங்கே 47 சதவீதம், கேரளத்தில் 41, கர்நாடகத்தில் 36, நாடு முழுக்க 28. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்கு ஆந்திரத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான். ஒரு வீட்டில் இரண்டாவது சம்பளம் வருவதற்கு எந்த வரிச் சலுகையும் ஈடாகாது.

கேரளத்தைப் பற்றி இங்கே இரண்டு விதமாகப் பேசுவார்கள்: சொர்க்கம், அல்லது திவால். எனக்கு அது நம் எதிர்காலத்தின் முன்னோட்டமாகத் தெரிகிறது. 2021 மதிப்பீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அங்கே 16.5 சதவீதம், அடுத்தது தமிழ்நாடு, 13.6. இளைஞர்கள் வெளியே போக, ஓய்வூதியமும் மருத்துவமும் கஜானாவைத் தின்ன, நூற்றுக்கு 60 ரூபாய் அன்றாடச் செலவுக்குக் கடனாகும் நிலைக்கு அவர்கள் வந்தது இப்படித்தான். மூத்தோர் உள்ளிட்டோரின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கென்று 2023 ஏப்ரலில் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டார்கள். நாம் 39-ல் இருக்கிறோம். இளமை இருக்கும்போதே அதை இறக்காவிட்டால் அந்த செஸ் இங்கேயும் வரும்.

இருபத்தைந்து வயதில் ஐடி வேலை என்றால் பெங்களூருக்குப் போகட்டும். சம்பள வித்தியாசம் காரின் வரியையும் மெட்ரோ கட்டணத்தையும் சமாளிக்கும். ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன், வீட்டை மட்டும் மேடான தெருவில் பார்த்துக்கொண்டு. பென்ஷன் நிச்சயமாக வரும், உடம்புதான் கவலை என்பவர்களுக்குக் கொச்சியில் மனை வாங்க 10 சதவீதம் கொடுப்பது வயிற்றெரிச்சல். வாடகைக்குப் போவது புத்திசாலித்தனம்.