பெயரில் குன்று, தரையில் பள்ளம்: சிங்கப்பூர், ஜோகூர், ஊர் – வீடு வாங்குமுன் ஓர் ஒப்பீடு

‘புக்கிட்’ என்றால் மலாயில் குன்று. அப்படியிருந்தும் 2021 ஏப்ரல் 17 அன்று வெள்ளத்தில் சிக்கியவற்றில் புக்கிட் தீமா வட்டாரத்து டனர்ன் சாலையும் ஒன்று. குன்று ஏறத்தாழ 164 மீட்டர் உயரம்தான். ஆனால் சாலை ஓடுவது அதன் கீழே, கால்வாயை ஒட்டிய தாழ்வில். மழை கொட்டினால் இருபக்க மேட்டுத் தண்ணீரும் அந்தக் கால்வாயைத் தேடித்தான் வரும். வீடு பார்க்கும்போது வட்டாரத்தின் பெயரையும் விலையையும் வைத்து ‘மேடான இடம்’ என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் தவறு. பார்க்க வேண்டியது அந்தத் தெருவின் மட்டம், வீடு எத்தனையாவது மாடி, கார் எங்கே நிற்கும் என்பவை.

சிங்கப்பூரை உலுக்கும் எரிமலையோ பெரும் நிலநடுக்கமோ இங்கே இல்லை. 2004 ஆழிப்பேரலையில் சுமத்ரா தீவே கேடயமாக நின்றது. புயல் வராது என்று மட்டும் அடித்துச் சொல்ல முடியாது: 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே, அண்டை மலேசிய மாநிலமான ஜோகூரின் தென்கிழக்கில் கரையேறியது. ஆனாலும் அது அபூர்வம். இங்கே வீடு வாங்குபவர் எடைபோட வேண்டியவை திடீர் வெள்ளம், கடல்மட்டம், மண்ணின் தன்மை, வெப்பம், புகைமூட்டம். இந்த ஐந்தும் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை.

தாழ்வான தரைவீடும் வீவக அடுக்குமாடியும்

வெள்ளம் என்று வந்தால் இவை இரண்டுக்கும் போட்டியே இல்லை. பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் கீழ்த்தளம் வாய்ட் டெக், அதாவது வீடுகள் இல்லாத திறந்த தளம். குடியிருப்பு இரண்டாம் மாடியில்தான் தொடங்குகிறது. அரை மீட்டர் தண்ணீர் வந்தாலும் நனைவது மேசை நாற்காலியும் சைக்கிளும்தான். கார் பல மாடி நிறுத்துமிடத்தில் இருந்தால் அதற்கும் கவலையில்லை.

தரைவீட்டில் நிலைமை வேறு. சிக்லாப் பக்கத்து ஓப்பரா எஸ்டேட் போன்ற பழைய தாழ்வுப் பேட்டைகளில், காலப்போக்கில் சாலை உயர்த்தப்பட்டு வீட்டு முற்றம் அதைவிடக் கீழே போயிருப்பதைப் பார்க்கலாம். தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. கழிவறைத் தரையில் உள்ள வடிகுழி வழியாகவும் பின்னோக்கி ஏறும். வாசலில் தடுப்புப் பலகை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர் வீடு உள்ளிருந்து நிறைவது இப்படித்தான். வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா, அதை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு நெகிழிப்பை சிக்கினாலே வால்வு மூடாது.

தடுப்புப் பலகையின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மீட்டர் அகலப் பலகைமேல் அரை மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 125 கிலோ அளவுக்கு அழுத்தும். தண்ணீர் ஒரு மீட்டரானால் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 500 கிலோவைத் தொடும். பலகை தாங்கினாலும் அது செருகப்பட்ட செங்கல் தூண் தாங்குமா என்பதே கேள்வி.

கொண்டோமினியம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். வீடு பத்தாவது மாடியில் பத்திரமாக இருக்கலாம். கார், மின்விசைப்பலகை, நீர் ஏற்றும் பம்பு எல்லாம் நிலத்தடித் தளத்தில் இருந்தால் ஒரே மழையில் மின்தூக்கி நிற்கும், குழாயில் தண்ணீரும் நிற்கும். நிலத்தடி நிறுத்துமிடத்துக்குச் செல்லும் பாதை சாலையிலிருந்து முதலில் மேடேறி, அப்புறம்தான் இறங்க வேண்டும். அந்த மேடுதான் சாலைத் தண்ணீரைத் தடுக்கிறது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் பாதை நேரே சரிந்துவிடும். தானியங்கித் தடுப்பு இருக்கிறதா, காவலாளி வந்து பலகை செருக வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். இங்கே திடீர் வெள்ளம் நிமிடங்களில் ஏறி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். காவலாளி சாவி தேடும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1970களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாயப் பகுதி இன்று 30 ஹெக்டருக்கும் கீழே. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கிய பிறகு, பூமலைத் தாவரவியல் பூங்காவுக்கு அடியில் 38,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தேக்கத் தொட்டி கட்டப்பட்டது. மரினா அணைக்கட்டின் ஒன்பது மதகுகளும் ஏழு பம்புகளும் சைனாடவுன், கேலாங் போன்ற தாழ்விடங்களைக் கடல் ஏற்றத்திலிருந்து காக்கின்றன. ஆனால் வடிகாலின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் பெய்தது (‘பாய’ என்றால் சதுப்பு, இந்தப் பெயர் பொய் சொல்லவில்லை). அப்படி ஒரு நாள் மீண்டும் வந்தால் பட்டியலில் இல்லாத தெருவும் நனையும். வெள்ள அபாய இடங்களின் பட்டியலைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு, கனமழை நாளில் ஒருமுறை அந்தத் தெருவுக்கே நேரில் போய் நில்லுங்கள்.

கிழக்குக் கரையா, உட்லண்ட்ஸா?

சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர்கூட இல்லை. 2024இல் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி, மோசமான நிலையில் 2100க்குள் சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். இதைக் கேட்டதும் கிழக்குக் கரையின் மரின் பரேட் வீட்டை விற்றுவிட்டு வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் போகலாமா என்று நினைப்பவர்கள் முதலில் குத்தகைத் தாளைப் பார்க்க வேண்டும். அங்குள்ள வீவக புளோக்குகள் 1970களின் நடுவில் கட்டியவை. 99 ஆண்டுக் குத்தகை 2070களில் முடிகிறது. 2100இன் கடல் அந்த வீட்டுக்காரரின் கடல் இல்லை. அதே வட்டாரத்தில் நிரந்தர உரிமையுள்ள தரைவீடு வாங்குபவருக்குத்தான் அந்த எண் உண்மையில் பொருந்தும். பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்கப் போகும் சொத்து அது. கிழக்குக் கரைக்கு முன்னால் ஏறத்தாழ 800 ஹெக்டரில் திட்டமிடப்படும் லாங் ஐலண்ட் என்ற கடல்மீட்பு நிலம் அந்தக் கரையைக் காக்கவும்தான். எனினும் அது முடியப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மண்ணில் வடக்குக்குத்தான் வெற்றி. உட்லண்ட்ஸ், புக்கிட் பாஞ்சாங் பகுதிகளில் அடியில் கருங்கல். மரின் பரேட் கடலிலிருந்து மீட்ட நிலம். அங்கேயும் பீச் ரோடு, கேலாங் வரையிலும் பல இடங்களில் மென்மையான கடற்களிமண். சுமத்ராவின் நிலநடுக்கம் பல நூறு கிலோமீட்டர் கடந்து வரும்போது மிஞ்சுவது நீண்ட, மெதுவான அலைகள். களிமண் அவற்றைப் பெருக்கும், உயரமான கட்டடம் அந்தத் தாளத்துக்கே ஆடும். 2007 மார்ச், செப்டம்பர் மாதங்களிலும் 2009 பாடாங் நிலநடுக்கத்தின்போதும் இங்கே உயர்மாடிக்காரர்கள் படியிறங்கி ஓட, வேறு இடத்தில் தாழ்ந்த மாடியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனது இதனால்தான். கட்டடங்களுக்குச் சேதம் எதுவும் சொல்லும்படி இல்லை. ஆகவே இந்த ஆட்டத்துக்காக மட்டும் ஒரு வீட்டை ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே தலைசுற்றல்காரரோ, படியிறங்க முடியாத முதியவரோ இருந்தால் யோசியுங்கள்.

களிமண்ணின் உண்மையான தொல்லை தரைவீட்டில்தான். பழைய வீடு ஆழமான அடித்தூண்களில் நிற்க, பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறை மேலோட்டமான அடித்தளத்தில் நிற்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் இறங்கும். இணைப்பில் மூலைவாட்டில் ஓடும் விரிசல், மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால், பூசி மறைக்கும் விஷயமில்லை. பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

உயர்மாடிக்குக் காற்றும் ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று 2024 செப்டம்பர் 17 அன்று மணிக்கு 83 கிலோமீட்டரைத் தொட்டது; 300க்கு மேல் மரங்கள் பாதிக்கப்பட்டன. பக்கவாட்டில் திறக்கும் அலுமினியச் சன்னல்களில் பழைய அலுமினிய ஆணிகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணி போடுவது 2004 முதல் கட்டாயம். மறுவிற்பனை வீடு வாங்குகிறவர் அதை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம், புகைமூட்டம் இரண்டிலும் வட்டாரத்தால் பெரிய வித்தியாசம் வராது. மேற்கு வெயில் நேரே விழும் சுவரையும் கூரைக்கு நேர்கீழ் மாடியையும் தவிர்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஜோகூரில் வாங்கினால்

அதே பணத்துக்குத் தரைவீடு கிடைக்கிறது. அதோடு தரைவீட்டின் வெள்ளமும் கிடைக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது. 2023 மார்ச்சில் பத்து பஹாட், யோங் பெங் பக்கம் பல்லாயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 2025 மார்ச்சில் ஜோகூர் பாருவிலேயே தண்ணீர் ஏறியது. சிங்கப்பூர் வெள்ளத்தோடு ஒப்பிட்டால் முக்கிய வேறுபாடு கால அளவு: இங்கே மணிக்கணக்கு, அங்கே ஆற்றோரத்தில் நாள்கணக்கு. ஸ்கூடாய், தெப்ராவ் ஆறுகளிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதை முதலில் பாருங்கள். மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஆற்று மட்டங்கள் நேரலையில் கிடைக்கின்றன. அங்கே அடிப்படைத் தீக்காப்புறுதி வெள்ளத்துக்குப் பணம் தராது. வீட்டு உரிமையாளர் காப்புறுதி வேண்டும். காருக்கும் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 24 அன்று செகாமாட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது பேச்சுக்குரியதுதான், வீட்டை ஒதுக்கும் அளவுக்கு இல்லை.

ஊரில் ஒரு வீடு

ஓய்வுக்காலத்துக்கு ஊரில் வீடு வாங்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்: வடகிழக்குப் பருவமழையான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீடு பெரும்பாலும் பூட்டியிருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் தண்ணீர் புகுந்தால் இரண்டு வாரம் தேங்கியே கிடக்கும்.

சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பகுதிகள் 2015இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தத்தளித்தன. சதுப்பையும் ஏரியையும் ஒட்டி மனைகள் வந்த இடங்கள் அவை. டெல்டாவில் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மின்சாரம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் வரவில்லை. தெற்கே புயல் இல்லை என்று தேறுதல் கொண்டவர்களுக்கு 2023 டிசம்பரில் காயல்பட்டினம் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் காட்டியது. இவற்றோடு பார்க்கையில் கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டு மேட்டு நகரம் நிச்சயம் ஒரு படி மேல். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் விசாரியுங்கள்.

ஊர்ப் பெயரையும் ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். தாங்கல், ஏந்தல், ஏரி என்று முடிந்தால் அங்கே ஒரு காலத்தில் நீர் தேங்கியிருக்கும். மனைப் பிரிவின் வரைபடத்தை மட்டும் நம்பாமல், கிராம ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண்ணும் சுற்றியுள்ள எண்களும் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தனவா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அடுத்து, 2015இலோ 2023இலோ தண்ணீர் எங்கே வரை நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு, அதற்கு மேல் அரை மீட்டராவது உயர்த்தித் தரைமட்டம் வையுங்கள். இன்வெர்ட்டர், மின்மீட்டர், ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பெட்டி ஆகியவை அதற்கும் மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் தண்ணீர் வடிந்த பிறகும் விளக்கு எரியாது.