தருமபுரியில் மாதச் சாமான்: ஒரே லிஸ்ட்டை இரண்டு கடையில் வாங்கிப் பார்த்தோம்

பாரதிபுரத்தில் எங்கள் தெருவில் மாதம் பிறந்தால் ஒரு பேச்சு கிளம்பிவிடும். பைபாஸ் பக்கம் இருக்கும் பெரிய ஏசி சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்குவது நல்லதா, பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஷீட் போட்ட கூரையும் இரண்டு மின்விசிறியுமாக இருக்கும் சின்ன டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வாங்குவது நல்லதா என்று. எதிர்வீட்டு அக்கா பெரிய கடைப் பக்கம். "அங்க எல்லாம் சுத்தமா இருக்கும், ஆஃபரும் போடுறான், நீ சும்மா பயப்படுற" என்பார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து சின்னக் கடைதான். இரண்டு பேரிடமும் கணக்கு இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அதனால் இந்தப் பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு வேலை செய்தோம். இருபத்து மூன்று சாமான் கொண்ட ஒரே லிஸ்ட்டை இரண்டு தாளில் எழுதி, அக்கா பெரிய கடைக்கும் நான் சின்னக் கடைக்கும் ஒரே நாள் காலையில் போனோம். அதே பிராண்ட், அதே அளவு. மூட்டைச் சாமானில் முதல் ரகம் கேட்டு வாங்குவது என்று பேச்சு.

கடைப் பெயர்களை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்களும் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். ஊர்க்காரர்களுக்குக் கடை எது என்பதைவிட எதை எங்கே வாங்கலாம் என்பதுதான் உதவும்.

லிஸ்ட்டில் இருந்ததற்கு மட்டும் சின்னக் கடையில் 4,870 ரூபாய், பெரிய கடையில் 5,315 ரூபாய். வித்தியாசம் 445. இதைப் பார்த்ததும் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் இரண்டு பில்லையும் தரையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் விஷயமே வேறு என்று தெரிந்தது. சோப்பு, பேஸ்ட், துணி பவுடர், எண்ணெய் பாக்கெட், டீத்தூள், பிஸ்கட் என்று கம்பெனி பாக்கெட் சாமான் மொத்தம் பதினாலு. அதில் பெரிய கடைதான் 38 ரூபாய் மலிவு! எம்ஆர்பிக்கு மேல் யாரும் விற்க முடியாது, அதற்குக் கீழே எவ்வளவு இறங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு, பெரிய கடை துணி பவுடரிலும் டீத்தூளிலும் நன்றாகவே இறங்கியிருந்தது. மிச்சம் ஒன்பது சாமான் பருப்பு, மிளகாய், புளி, ராகி வகை. அந்த ஒன்பதில் மட்டும் பெரிய கடை 483 ரூபாய் அதிகம். துவரம்பருப்பு கிலோ 124-க்கு நான் வாங்கினேன், அக்கா 158 கொடுத்தார். உளுந்து 128, அங்கே 162. ராகி எனக்கு கிலோ 42, அக்காவுக்கு 64. நம் ஊரில் விளைகிற ராகிக்கு 64 ரூபாய் என்றதும் அத்தை அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேவுரு தானே இது?" என்று இரண்டு முறை கேட்டார்.

இதில் கொஞ்சம் வரியும் இருக்கிறது. மூட்டையிலிருந்து அள்ளி எடை போட்டுத் தரும் பருப்புக்கும் தானியத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அதையே முன்கூட்டிப் பையில் கட்டி லேபிள் ஒட்டி விற்றால் 2022 ஜூலை 18-லிருந்து 5 சதவீதம். பெரிய கடையில் எல்லாமே கட்டின பாக்கெட்தான். ஆனால் 124 ரூபாய் பருப்புக்கு 5 சதவீதம் என்றால் ஆறு ரூபாய் சொச்சம். மீதி இருபத்தெட்டு ரூபாய் ஏசிக்கும் வாடகைக்கும், கல் பொறுக்கிச் சுத்தம் செய்கிற கூலிக்கும் போகிறது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்தச் சுத்தம் உண்மையிலேயே அவ்வளவு பெறுமா? அத்தை இரண்டு பருப்பையும் தனித்தனி முறத்தில் கொட்டிப் புடைத்தார். சின்னக் கடைப் பருப்பில் தோலும் நாலைந்து கல்லும் இருந்தன, பெரிய கடைப் பருப்பில் ஒன்றும் இல்லை. குக்கரில் வைத்தபோது இரண்டும் ஒரே விசில் கணக்கில் ஒரே மாதிரி மலர்ந்தன, சாம்பாரில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புளியில்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. சின்னக் கடையில் கிலோ 140, நாரும் கொட்டையும் கலந்தது. அங்கே கொட்டை நீக்கிய புளி 220. வீட்டுத் தராசில் வைத்துச் சுத்தம் செய்து பார்த்தேன், ஒரு கிலோவில் 130 கிராம் கழிவு போனது. அதாவது சுத்தமான புளி கிலோ 161 ரூபாய் ஆகிறது. அப்போதும் அறுபது ரூபாய்க்குக் கிட்டத்தட்ட மிச்சம். அரை மணி நேரம் உட்கார்ந்து உரிக்க ஆள் இருக்கிற வீட்டுக்குச் சின்னக் கடைப் புளி போதும். ஆள் இல்லாத வீட்டுக்கு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு, அந்த அறுபது ரூபாய் நியாயமான கூலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புளிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மாசி பங்குனியில் கிராமத்துப் பக்கம் உலுக்கும்போதே ஒரு வருடத்துக்கு வாங்கி உப்புப் போட்டு ஜாடியில் அடைத்துவிட்டால் எந்தக் கடைக்கும் போக வேண்டாம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மாதாமாதம் கால் கிலோ புளி பாக்கெட் வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

சின்னக் கடையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். போன மழைக்காலத்தில் அங்கே வாங்கின ரவையில் வண்டு. பாக்கெட்டின் பேக்கிங் தேதி அழிந்திருந்தது, நானும் பார்க்காமல் எடுத்துவிட்டேன். திருப்பிக் கொண்டுபோனதும் கடைக்கார அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றித் தந்தார், அது வேறு விஷயம். ஆனால் குழந்தைக்குக் கிண்டுவதற்கு முன்னால் நான் பார்த்தேன், பார்க்காமல் போயிருந்தால்? அதைவிட முக்கியமானது குளிர்ப்பெட்டி. ராத்திரி கடையை மூடும்போது ஃப்ரீசரின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் போகும் நாளில் ஜெனரேட்டரும் கிடையாது. உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் மேலே ஊசி ஊசியாக ஐஸ் படிந்திருக்கும், டப்பா ஒரு பக்கம் கோணியிருக்கும். அப்படி இருந்தால் எடுக்காதீர்கள். பனீர், வெண்ணெய், சீஸ், ஐஸ்கிரீம் இந்த நாலும் எங்கள் வீட்டில் இப்போது பெரிய கடையிலிருந்துதான் வருகிறது. இரண்டு ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை, வயிற்றுக்குள் போகிற விஷயம்.

பெரிய கடையின் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் விலைச் சீட்டு. அக்கா வாங்கின கடலை எண்ணெய்க்கு அலமாரியில் 189 என்று ஒட்டியிருந்தது, பில்லில் 209. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டதற்கு "அது போன வார ஆஃபர் அக்கா, சீட்டு எடுக்க மறந்துட்டாங்க" என்றாள். போன வாரச் சீட்டு இந்த வாரமும் தொங்கினால் அதை நம்பித்தானே கையை நீட்டுகிறோம்? மேனேஜர் வந்து 189-க்கே போட்டுத் தந்தார், ஆனால் அக்கா கேட்டதால் தந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் பில்லைப் பார்த்திருப்பார்கள்? வண்டியில் ஏறுவதற்கு முன்னால், கடை வாசலிலேயே நின்று பில்லைப் படித்துவிடுங்கள். கேட்டும் திருத்தவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கூப்பிடக் காசு கிடையாது. இன்னொன்று, பில் போடும்போதே போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுக்காமல் பில் வாங்க நமக்கு உரிமை உண்டு, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சொல்லியிருக்கிறது. அக்கா நம்பர் தர மாட்டேன் என்றார், பில் வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

வரி குறைந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. பெரிய கடையில் அந்த வாரமே கம்ப்யூட்டரில் மாற்றி, பழைய எம்ஆர்பி அச்சிட்ட பாக்கெட்டுக்கும் புது விலை போட்டார்கள். சின்னக் கடையில் பழைய ஸ்டாக் தீரும்வரை பழைய விலைதான் ஓடியது, கேட்டவர்களுக்கு மட்டும் குறைத்தார்கள். கேட்கத் தெரியாத பாட்டிகள்தான் அந்தக் கடையில் அதிகம். இந்த விஷயத்தில் சின்னக் கடை அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அவரிடமே சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது அக்காவின் முழு பில்லுக்கு வருகிறேன். லிஸ்ட்டுக்கு 5,315 ஆனாலும் அவர் கட்டினது 6,140. லிஸ்ட்டில் இல்லாதது 825 ரூபாய்க்கு டிராலியில் ஏறியிருந்தது: மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா செட், கார்ன்ஃப்ளேக்ஸ், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாக இரண்டு பாட்டில் ஊறுகாய், பில் போடும் இடத்தில் பையன் கண்ணுக்கு நேராக வைத்திருந்த சாக்லேட். நான் லிஸ்ட்டுக்கு மேல் வாங்கினது அறுபது ரூபாய்க் கடலைமிட்டாய், மொத்தம் 4,930. பாலும் தயிரும் கடைசி மூலையில் இருக்கின்றன, அங்கே போக எல்லா வரிசையையும் தாண்டித்தான் போக வேண்டும், ஏசியில் நடக்க நடக்கக் கை தானாக நீளும். சின்னக் கடையில் கூடைதான், கை வலித்தால் நிறுத்திவிடுவோம். விலை வித்தியாசம் 445, கை நீண்டதன் வித்தியாசம் அதைப்போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. அன்றைக்கு அக்கா இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது அவரும் டிராலி எடுப்பதில்லை, கூடைதான் எடுக்கிறார்.

பாக்கெட் சாமானில் எந்தக் கடையானாலும் ஒன்றைப் பார்க்கப் பழகிக்கொண்டோம். எண்ணெய் பாக்கெட் பார்க்க ஒரு லிட்டர் போலவே இருக்கும், கூர்ந்து பார்த்தால் 850 மில்லி என்று இருக்கும். எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று சின்ன எழுத்தில் இப்போது அச்சிடுகிறார்கள். அதை ஒப்பிட்டால் போதும், பெரிய பாக்கெட்தான் மலிவு என்பது எல்லா நேரமும் நிஜமில்லை என்று தெரியும். எனக்குக் கண்ணாடி போட்டால்தான் அந்த எழுத்து தெரிகிறது, மகள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவாள்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது. மூலை வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு மூட்டு வலி. பெரிய கடையில் லிஃப்ட் இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. சின்னக் கடையில் வாசலிலேயே மூன்று படி, உள்ளே இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒருக்களித்துத்தான் போக முடியும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மாடி வீட்டுத் தங்கை டூட்டி முடிந்து இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும், அப்போது சின்னக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பினால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வீட்டு வாசலுக்கே சாமான் வருவது சின்னக் கடையிலிருந்துதான், அதற்குத் தனிக் காசு இல்லை. மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் தருவதும் அந்தக் கடை அண்ணன்தான். கொரோனா ஊரடங்கில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் சம்பளம் வராதபோது அந்த நோட்டில் எங்கள் பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போனது. அதை நான் விலைப் பட்டியலில் எந்த வரியில் எழுதுவது?

காய்கறி பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கடையிலும் வாங்காதீர்கள். காலையில் உழவர் சந்தைக்குப் போய் விலைப் பலகையைப் பார்த்து வாங்குங்கள். பாலக்கோடு பக்கம் பறித்த தக்காளி விடியும்போதே வந்துவிடும், அதையே ஏசியில் இரண்டு நாள் வைத்து பிளாஸ்டிக் தட்டில் சுற்றி விற்பதை வாங்க நம் ஊரில் ஒரு காரணமும் இல்லை.

ஆக மார்ச் மாதத்திலிருந்து எங்கள் இரண்டு வீடும் லிஸ்ட்டை இரண்டாகப் பிரித்து எழுதுகிறோம். பருப்பு, மிளகாய், தனியா, வெல்லம், நிலக்கடலை எல்லாம் சின்னக் கடை. குளிர்ப்பெட்டிச் சாமானும் ஆஃபரில் இருக்கும் துணி பவுடரும் பெரிய கடை, மாதம் ஒருமுறை, வீட்டுக்கு ஒருவர் மாற்றி ஒருவர். ராகிக்கு முதலில் ரேஷன் கடை. தருமபுரி, நீலகிரி இரண்டு மாவட்டத்துக்கும் 2023-ல் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டம் வந்ததிலிருந்து, வருகிற மாதமெல்லாம் அத்தை அதை விடுவதில்லை. வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துவந்து அவரே களி கிண்டுகிறார். போதாததற்கு மட்டும் சின்னக் கடை. அக்கா வாங்கின 64 ரூபாய் ராகிப் பாக்கெட்டும் அந்தக் களியில்தான் சேர்ந்தது, ருசியில் வித்தியாசம் இல்லை என்று அக்காவே சொன்னார்.