ஹெர்பியா, பீன் அனிமலா? பெரிய மீன் டேங்க் ஓவர்ஃப்ளோ

மீன் டேங்க்க மறுபடி கட்டுறப்போ முதல்ல முடிவு பண்ண வேண்டியது, வழியுற தண்ணிய கீழ இருக்கிற சம்ப் தொட்டிக்கு இறக்குற ட்ரெயின் பைப் தான், ஏன்னா கண்ணாடில ஓட்டை போட்டதுக்கப்புறம் மாத்தவே முடியாது.

இத அமைக்க ஹெர்பி, பீன் அனிமல்னு ரெண்டு முறை இருக்கு. ஹெர்பில 2 பைப். ஒண்ணு வால்வ் வெச்சு முழு சைஃபன்ல, அதாவது காத்து கலக்காம பைப் நிறைய தண்ணியா ஓடும், இன்னொண்ணு எமர்ஜென்சிக்கு. சத்தமே இருக்காது, இடமும் கம்மி. ஆனா பம்ப் ஃப்ளோ கொஞ்சம் மாறினாலும் தண்ணி மட்டம் மாறிடும், திரும்ப வால்வ திருகணும்.

பீன் அனிமல்ல 3 பைப், சைஃபன், ஓப்பன் சேனல் (காத்தும் தண்ணியும் சேர்ந்து போற பைப்), எமர்ஜென்சி. சைஃபன் எடுக்காம விடுற கொஞ்ச தண்ணிய ஓப்பன் சேனல் வாங்கிக்கும், அதனால மட்டம் தானாவே நின்னுக்கும், அப்புறம் நத்தையோ பாசியோ சைஃபன அடைச்சு தண்ணி ஏறினா ஓப்பன் சேனலோட காத்து ட்யூப் முங்கி அதுவே சைஃபனா மாறிடும், அதுக்கும் மேல எமர்ஜென்சி காத்துட்டிருக்கு. இந்த நிம்மதிக்காகவே பெரிய டேங்க்குக்கு நான் இதத்தான் சொல்லுவேன். இடம் இல்லன்னா மட்டும் ஹெர்பி.

எதுவா இருந்தாலும் பால் வால்வ் வேணாம், கேட் வால்வ் போடுங்க, நுணுக்கமா திருக முடியும். சம்ப்ல சைஃபன் பைப் முனை தண்ணிக்குள்ள சுமார் 1 இன்ச் தான் முங்கணும், ஆழமா போனா காத்து வெளிய போகாம ஸ்டார்ட் ஆகவே திணறும். மீன் விடுறதுக்கு முன்னாடி சைஃபன கையால அடைச்சு டெஸ்ட் பண்ணிடுங்க.