டெமிஜானின் கழுத்து

ஒரு பத்து லிட்டர் பானை, டெமிஜான் எனும் குறுகிய கழுத்துக் கண்ணாடி ஜாடி ஒன்று, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்லி வைன் எனும் கடும் பீரைக் காய்ச்ச முடியுமா என்று லண்டனுக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர் கேட்டார். சொந்தத் தேவைக்குக் காய்ச்ச 1963 முதல் இங்கே உரிமம் வேண்டாம். அவர் கவலையெல்லாம் சமையலறையின் அளவுதான். நான்கு ஆண்டுகளாக இதே இரண்டில்தான் நானும் காய்ச்சுகிறேன். முடியும்.

பானையில் குறையே இல்லை. 1.5 கிலோ மாரிஸ் ஓட்டர் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி வகை)த் துணிப்பையிலிட்டு 66 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறேன். இவ்வளவு கெட்டியாக ஊறும் தானியத்திலிருந்து சர்க்கரை முழுவதும் இறங்காது. அந்தக் குறையை 300 கிராம் உலர் மால்ட் சாறு ஈடுகட்டுகிறது. கொதித்து ஆறியதும் நான்கு லிட்டர் நிற்கும், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.090 காட்டும். இருபது லிட்டருக்கு எட்டாத 11 கிராம் ஈஸ்ட் உறை ஒன்று இதற்குத் தாராளம். கடும் பீருக்குச் சிறிய பாத்திரமே தோது என்பது எனக்கே தாமதமாகத்தான் விளங்கியது.

உயிரை வாங்குவது டெமிஜானின் கழுத்து. 4.5 லிட்டர் ஜாடியில் நுரைக்கு எஞ்சுவது அரை லிட்டர் இடம். முதல் தடவை, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக்கை, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் துகள் அடைத்துக்கொண்டது. வாயு திரண்டு, நள்ளிரவில் ரப்பர் அடைப்பான் கூரையில் போய் மோதியது. சுவரெல்லாம் பிசுபிசுப்பு. அன்றிலிருந்து முதல் ஐந்து நாட்களுக்கு ஏர்லாக் கிடையாது. கழுத்தில் இறுகப் பொருந்தும் தடித்த குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி கலந்த நீரில் அமிழ்த்துகிறேன். வெடிப்பு நின்றது. ஆனால் கழுத்துக்குக் கீழே, ஜாடியின் தோளில் காய்ந்து ஒட்டும் நுரை வளையம் இருக்கிறதே! தூரிகை அங்கே சரியாக எட்டுவதில்லை. கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரில் சலவைத்தூளைக் கரைத்து இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் மறுபடி தேய்க்க வேண்டும்.

கண்ணாடியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கீறல் விழாது, பழைய வாசனை தங்காது, ஈஸ்ட் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். போன மாதம் திறந்த புட்டி பதினான்கு மாதப் பழையது: நொதித்து அடர்த்தி 1.022-இல் நின்ற, ஏறக்குறைய 9 சதவீதப் பீர். பேரீச்சை, கருப்பட்டிப் பாகு, கடைசியில் இதமான சூடு. நான் காய்ச்சியவற்றில் அதுவே சிறந்தது.

ஆனாலும் நண்பரே, டெமிஜான் வேண்டாம். கை நுழையும் வாய் கொண்ட பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி வாங்குங்கள். நேற்று இரவிலிருந்து என் ஜாடி இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.