எஸ்.பி. ரோட்டில் தெர்மல் பேஸ்ட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லேப்டாப்புக்குத் தெர்மல் பேஸ்ட் மாற்றக் கொடுக்கிறீர்கள் என்றால், உங்கள் கண்ணெதிரே திறந்து செய்யச் சொல்லுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாருங்கள்" என்று சொல்லும் கடை வேண்டவே வேண்டாம். என் தங்கையின் லேப்டாப்பை அப்படிக் கொடுத்துத்தான் ஏமாந்தோம்.

சில வருடங்கள் உழைத்த லேப்டாப். வீடியோ அழைப்பில் உட்கார்ந்தாலே மின்விசிறி இரையும், பிராசசர் வெப்பம் 97 டிகிரிக்கு ஏறும். 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவளுக்கோ நேர்காணல் நடக்கும்போதே திரை உறைந்து நிற்கும். பிராசசருக்கும், அதன் வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளை அடைப்பதற்குத்தான் அந்தப் பேஸ்ட். அது காய்ந்து வெடித்தால் அங்கே காற்று புகுந்துவிடும். காற்றின் வழியே வெப்பம் எளிதில் வெளியேறாது.

கடைக்காரர் தமிழர். "நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கிறாய் தம்பி, வெளிநாட்டுப் பேஸ்டே போட்டுத் தருகிறேன்" என்று 1,200 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே வேலைக்கு 96 டிகிரி. போனில் கேட்டதற்கு, "மதர்போர்டு போய்விட்டது, 9,000 ஆகும்" என்றார். ஊர்ப் பாசம் பேசியவர் வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

அல்சூரில் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் எங்கள் முன்னால் திறந்தார். பழைய பேஸ்ட் கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டாமல், மேலேயே மலிவான வெள்ளைச் சிலிகான் கிரீஸைப் பூசியிருந்தார்கள். ஹீட் சிங்கில் 1 முதல் 4 வரை எண் போட்ட திருகுகளில் மூன்றாவதைக் காணவில்லை. பக்கத்துச் சில்லின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய, வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேட் பாதி கிழிந்திருந்தது. மூன்று மூலையில் மட்டும் அழுத்தம் விழுந்தால் எவ்வளவு உயர்ந்த பேஸ்ட் போட்டும் பயனில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பிராசசர் சில்லில் முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்தார். புதுப் பேஸ்டை மெல்லப் பரப்பி, வேறு திருகு தேடிப் போட்டு, எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அதே வீடியோ அழைப்பில் இப்போது 76 டிகிரிக்கு மேல் போவதில்லை. மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

கொடுப்பதற்கு முன் வெப்ப அளவைப் படம் எடுத்து வையுங்கள். வாங்கும்போது அதே வேலையை ஓடவிட்டு, கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன பேஸ்ட் என்று டியூபைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் அதன் பெயரையும் எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த சீட்டில் 'சர்வீஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது, ஜிஎஸ்டி எண் கிடையாது.

அந்தச் சீட்டையும் திறந்தபோது எடுத்த படங்களையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 1,200 ரூபாயைத் திருப்பித் தருவதாக இப்போது கடையிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார்கள். 9,000 கேட்டதற்கு எழுத்தில் விளக்கம் வரும்வரை புகாரைத் திரும்பப் பெறமாட்டேன்.